இழைக்குள் ஓடும் இரட்டைப் பாதை

ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் வல்லமை படைத்தது என்றும், அவ்வுற்பத்தி ரைபோசோம்கள் எனப்படும் நுண்துகள்களில் நடைபெறுகிறது என்றும் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் அதே உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் குற்றிழை என்னும் அவயவத்துக்குள் ரைபோசோம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கே குறுக்களவுள்ள அந்த இழை பல நூறு வகைப் புரதங்களால் ஆனது. அவை யாவும் உயிரணுவின் உடற்பகுதியிலே உண்டாகி இழைக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். அடியிலே அடுக்கி மேலே தள்ளிக்கொண்டு போகும் முறையில் இழை வளர்வதாக இருந்தால் சிரமம் இல்லை. விசித்திரம் என்னவென்றால், அது வளர்வது நுனியில். கட்டுமானத்துக்கு வேண்டிய சாமான்கள் அத்தனையும் இழையின் முழு நீளத்தையும் கடந்து, அதன் கோடியிலுள்ள வேலைத்தலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போகின்றன என்ற கேள்வியை ஆயுள் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர் அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையின் உயிரணுவியல் பேராசிரியர் ஜோயல் ரோசன்பாம். அவரும் அவருடைய மாணவர்களும் கண்ட விடையும், அந்த விடை ஒருவரும் எதிர்பாராத வகையில் மனித நோய்களின்மீது வீசிய வெளிச்சமும் இவ்வத்தியாயத்தின் பொருள்.

இந்த இழைகளை மனிதன் முதன்முதலாகக் கண்டது 1670களில். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லையின் வழியே தண்ணீரைப் பார்த்தபோது, அதில் நீந்திய சிற்றுயிர்களுக்கு மிக மெல்லிய கால்கள் போன்ற உறுப்புகள் இருப்பதைக் குறித்து வைத்தார். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக் காலத்துக்கும் மேலாக இழையின் அசைவைத்தான் பார்க்க முடிந்ததே தவிர, அதன் உட்புறம் மறைபொருளாகவே இருந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான், 1952-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஐரீன் மான்டன் அம்மையார் ஸ்பாக்னம் என்னும் சிறு தாவரத்தின் ஆண் அணுக்களிலும், 1954-இல் அமெரிக்காவில் ஃபாசெட், போர்ட்டர் என்ற இருவர் விலங்குகளின் திசுக்களிலும், ஒன்பது இரட்டைக் குழல்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க நடுவிலே இரண்டு தனிக்குழல்கள் செல்லும் அமைப்பைத் தெளிவாகக் கண்டார்கள். தாவரத்துக்கும் தவளைக்கும், பாசிக்கும் மனிதனுக்கும் பொதுவாக இப்படி ஓர் அமைப்பு அட்சரம் பிசகாமல் நீடித்திருப்பது உயிரியலின் பேரதிசயங்களுள் ஒன்று. குழல்களுக்கிடையே கைபோல நீண்டு நின்று இழையை அசைய வைக்கும் புரதத்துக்கு 1965-இல் இயன் கிப்பன்ஸ் டைனீன் என்று பெயரிட்டார். ஆகவே அசைவின் இரகசியம் ஒருவாறு வெளிப்பட்டது. வளர்ச்சியின் இரகசியம் வெளிப்படவில்லை.

ரோசன்பாம் தம் ஆராய்ச்சிக்குத் துணையாகத் தேர்ந்துகொண்ட ஜீவன் கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றை உயிரணுப் பச்சைப்பாசி. இதன் ஆய்வுக்கூட வம்சம் 1945-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் நகருக்கு அருகே மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முன்புறத்தில் ஒத்த நீளமுள்ள இரண்டு கசையிழைகள். (கசையிழை என்பது நீண்ட குற்றிழைதான்; அகத்தமைப்பில் இரண்டுக்கும் பேதம் இல்லை.) விலை மலிவு, வளர்ப்பது சுலபம், மரபுக் குறைகளைக் கண்டுபிடிப்பதும் சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குணம்: சுற்றியுள்ள நீரில் அமிலம் சற்று ஏறினால் இப்பாசி தன் இரு கசைகளையும் தானே அடியோடு கழற்றி எறிந்துவிடும். அமிலத்தை நீக்கியதும் உடனே புதியவற்றை வளர்க்கத் தொடங்கி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பழைய நீளமான 12 மைக்ரான் அளவுக்கு வளர்த்து முடித்துவிடும். ஓர் அவயவம் பிறந்து வளர்ந்து நிற்பதை ஒரே பிற்பகலில், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய ஜீவன்கள் உலகில் அதிகம் இல்லை.

1969-இல் ரோசன்பாமும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு பரிசோதனையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதன் அழகு, செய்த காரியத்தின் எளிமையில் இருக்கிறது. இரண்டு கசைகளில் ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு, மற்றொன்றை அப்படியே விட்டுவைத்தார்கள். அறுபட்டது மீண்டும் முளைக்கும் என்பது தெரிந்ததுதான். அறுபடாத கசைக்கோ எந்தக் குறையும் நேரவில்லை. அது பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது குறுகத் தொடங்கியது! ஒன்று நீள, மற்றொன்று குறைய, இரண்டும் ஓர் இடைநீளத்தில் சமமாயின. சமமான பிறகே இரண்டும் சேர்ந்து ஒரே கதியில் வளர்ந்து தம் பூர்வ நீளத்தை அடைந்தன. இதிலிருந்து கிடைக்கும் அனுமானங்கள் பல. கசை என்பது கட்டி முடித்துக் கைவிடப்பட்ட கட்டடம் அல்ல. அதிலுள்ள பொருள்களைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. இரு கசைகளும் ஒரே பொது இருப்பிலிருந்து பொருள் பெறுகின்றன. எல்லாவற்றினும் சுவையானது, எது குட்டை எது நெட்டை என்பது உயிரணுவுக்கு எவ்வாறோ புலப்படுகிறது என்பது. புதிய புரத உற்பத்தியை மருந்தால் தடுத்துவிட்டு இரு கசைகளையும் அறுத்தாலும், உடலில் ஏற்கெனவே இருந்த சேமிப்பைக் கொண்டு பாதி நீளம் அளவுக்கு அவை வளர்ந்தன. கதிரியக்கம் ஏற்றிய புரதம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தபோது, பெரும்பகுதி நுனிப்பக்கத்திலேயே காணப்பட்டது.

ஆக, சாமான்கள் நுனிக்குப் போகின்றன. நுனியிலிருந்து திரும்பவும் வருகின்றன. ஆனால் போகும் வாகனத்தை யாரும் கண்டதில்லை. இருபத்து நாலு ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. திரவத்தில் துகள்கள் தாமாகவே பரவி அங்கங்கே போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டுப் பலர் திருப்தியடைந்திருந்தார்கள். இயற்கையின் முன்னே நாம் காட்டும் சோம்பலுக்கு இந்த வகை விளக்கங்கள் நல்ல உதாரணம். தவறென்று நிரூபிக்க முடியாத அளவுக்கு மங்கலாகவும், மேலே கேள்வி கேட்கத் தோன்றாத அளவுக்கு வசதியாகவும் அவை அமைந்துவிடுகின்றன.

1993-இல் விடை வந்தது. அதுவும் வேறொன்றைத் தேடிப் போன இடத்தில். கிளாமிடோமோனாஸ் நீந்துவதோடு நில்லாமல், கண்ணாடிப் பரப்பில் கசைகளை விரித்து ஒட்டவைத்துக்கொண்டு வழுக்கியும் செல்லும். கசையின் மேற்பரப்பில் சிறு மணிகளை ஒட்டவைத்தால் அவை முன்னும் பின்னும் இழுத்துச் செல்லப்படும் என்பதையும் ராபர்ட் பிளட்குட் என்பவர் முன்னரே விவரித்திருந்தார். இந்த இழுவிசைக்குக் காரணம் என்ன என்று காண விரும்பிய கீத் கொஸ்மின்ஸ்கி என்னும் ஆராய்ச்சி மாணவர், யேலிலேயே நரம்பணுக்களின் வளர்ச்சியை ஆராய்ந்துவந்த பால் ஃபோர்ஷரின் அதிநுட்பமான வீடியோ நுண்ணோக்கியின் கீழே பாசியை வைத்துப் பார்த்தார். கசை அடித்துக்கொண்டேயிருந்தால் உள்ளே எதுவும் தெரியாது. ஆகையால் கசை அசையாத பிறவிக் குறையுள்ள பாசி வகையை அவர்கள் பயன்படுத்தினார்கள். திரையிலே, அசைவற்றுக் கிடந்த கசையின் நீளம் முழுவதும், சவ்வுக்கு அடியில் சிறு புடைப்புகள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அடியிலிருந்து நுனிக்குப் போகிறவை விநாடிக்கு 2 மைக்ரான் வேகத்திலும், நுனியிலிருந்து அடிக்குத் திரும்புகிறவை விநாடிக்கு ஏறத்தாழ 3.5 மைக்ரான் வேகத்திலும், ஓய்வொழிச்சல் இல்லாமல் போய்வந்தன. 12 மைக்ரான் நீளக் கசையில் ஏறுவதற்கு ஆறு விநாடி. இறங்குவதற்கு நாலு விநாடிகூட ஆகவில்லை.

எத்தனையோ அறிஞர்கள் எத்தனையோ ஆயிரம் முறை உற்றுப் பார்த்த அதே கசைதான் அது. பார்த்தவர்கள் அனைவரும் அதன் அடிப்பைப் பார்த்தார்கள். அடிப்பு நின்றபோது அது செத்த பொருளாகிவிட்டது என்று எண்ணினார்கள். கசையின் அசைவுக்கும் இந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதையே ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரையின் தலைப்பாக வைத்ததில், அவர்களுக்கே உண்டான வியப்பின் சாயல் தெரிகிறது.

ஓடுவதற்கு இயந்திரம் வேண்டுமல்லவா? ஏறும் திசைக்கு உரியது கைனசின்-2 என்ற புரதம். 32 டிகிரி வெப்பத்தில் மட்டும் இந்தக் கைனசின் செயலிழந்துபோகும் ஒரு பாசி வகை கைவசம் இருந்தது. சாதாரண வெப்பத்தில் அது முழுக் கசைகளோடு நீந்தியது. வெப்பத்தை ஏற்றியதும் உள்ளோட்டம் நின்றது. சில மணி நேரத்தில் கசைகள் குறுகிக் குறுகி மறைந்தன. போக்குவரத்து கட்டும் காலத்துக்கு மட்டும் உரியதன்று, கட்டியதை நிலைநிறுத்துவதற்கும் அதுவே ஆதாரம் என்பது இதனால் பிரத்தியட்சமாயிற்று. இறங்கும் திசைக்கு உரியது டைனீன் குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் உறுப்பினர் என்பதைச் சில ஆண்டுகளுக்குள் வொர்செஸ்டர், மினசோட்டா ஆய்வுக்கூடத்தார் காட்டினார்கள். அந்த டைனீன் பழுதான பாசிகளில் கசைகள் குட்டையாக நின்றுவிட, போன வண்டிகள் திரும்ப வழியின்றி உள்ளேயே குவிந்து கிடந்தன. 1998-இல் டக்ளஸ் கோலும் ரோசன்பாமின் குழுவினரும் ஓடும் துகள்களைத் தனியே பிரித்தெடுத்து, அவை ஏ, பி என்ற இரு கூட்டுகளாக அமைந்த புரதங்கள் என்று கண்டார்கள். இன்றைய கணக்கில் இரண்டிலுமாகச் சேர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள்.

துகள்கள் பல சேர்ந்து நீண்ட கோவைகளாகச் செல்வதால் விஞ்ஞானிகள் அவற்றை ரயில் வண்டிகள் என்றே அழைக்கிறார்கள். சாதாரணமாக இத்தகைய உவமைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உவமை அழகாக இருக்குந்தோறும் பொருள் நழுவிவிடுகிறது. ஆனால் இந்த உவமை, கொடுத்தவர்கள் எண்ணியதைவிட அதிகமாகவே பலித்துவிட்டது. இத்தனை நெருக்கமான இடத்தில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஏன் மோதிக்கொள்வதில்லை என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் லுடெக் ஸ்டெபானெக், காயா பிஜினோ என்ற இருவர், உயிருள்ள கசையில் வண்டிகளின் ஓட்டத்தைப் படம் பிடித்து, அதே கசையை உடனே அந்நிலையிலேயே நிலைப்படுத்தி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அறுத்துப் பார்த்து, 2016-இல் விடை கூறினார்கள். வட்டமாக நிற்கும் ஒன்பது இரட்டைக் குழல்களில் ஒவ்வொன்றும் இரட்டைத் தண்டவாளம். இணைந்த இரு குழல்களுக்கும் ஏ, பி என்றே பெயர் (முன்னே சொன்ன கூட்டுகளின் பெயர்களோடு இவற்றுக்குத் தொடர்பில்லை); பி-குழலின்மேல் வண்டிகள் ஏறுகின்றன, ஏ-குழலின்மேல் இறங்குகின்றன. இரட்டைக் குழல் எதற்காக இரட்டையாக இருக்கிறது என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் திருப்தியாகச் சொன்னதில்லை. அதற்கு ஒரு காரணமாவது இப்போது கிடைத்திருக்கிறது. திரும்புவதற்கு வேண்டிய டைனீன் நுனிக்கு எப்படி வந்து சேருகிறது என்ற கேள்விக்கும் 2018-இல் பிஜினோவின் குழுவினர் பதில் தந்தார்கள்: ஏறும் வண்டியிலேயே, முடக்கிவைக்கப்பட்ட நிலையில், மற்றச் சரக்குகளோடு சரக்காக அது ஏற்றிச் செல்லப்படுகிறது, நுனியை அடைந்த பிறகே அது விழித்து வேலை செய்கிறது.

இதுவரை சொன்னது ஒரு பாசியின் கதை. இதைக் கேட்டுவிட்டு, இதனால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம் என்று யாரேனும் 1998-இல் ரோசன்பாமைக் கேட்டிருந்தால், அவரால் அடக்கமாகத்தான் பதில் சொல்லியிருக்க முடியும். ஆனால் சரியான பதில் வேறோர் இடத்தில் காத்திருந்தது. டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஒரு சுண்டெலி வம்சம் இருந்தது. அதன் மரபணு ஒன்றில் தற்செயலாக நேர்ந்த சிதைவினால் அவ்வெலிகளின் சிறுநீரகங்கள் நீர்க்கட்டிகளால் நிரம்பின; விரல்களும் கூடுதலாக முளைத்தன. 1994-இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்து டிஜி737 என்று எண் கொடுத்தார்கள். அதன் வேலை என்ன என்பது மட்டும் தெரியவில்லை. 2000-இல் வொர்செஸ்டரிலுள்ள மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெகரி பேசர், ஜார்ஜ் விட்மன் ஆகியோர் ரோசன்பாம், கோல் முதலியோருடன் சேர்ந்து, பாசியின் பி-கூட்டிலுள்ள ஐஎஃப்டி88 என்ற புரதத்தின் மரபணு வரிசையைப் படித்தபோது, அது அந்தச் சுண்டெலியின் மரபணுவோடு ஒத்திருந்தது! அம்மரபணு இல்லாத பாசிக்குக் கசைகளே முளைக்கவில்லை. அது பழுதான எலியின் சிறுநீரகத்தைத் திறந்து பார்த்தால், அங்குள்ள குழாய்களின் உட்சுவர் அணுக்களில் இருக்கவேண்டிய குற்றிழைகள் பாதி வளர்ச்சியில் நின்றிருந்தன.

சிறுநீரகத்தில் குற்றிழையா என்று வாசகர் கேட்கலாம். மருத்துவர்களும் அப்போது கேட்டார்கள். நம் சரீரத்திலுள்ள பெரும்பாலான உயிரணு வகைகளில், அணுவுக்கு ஒன்றாக, அசையாத ஒற்றைக் குற்றிழை நிற்கிறது. 1898-இலேயே சிம்மர்மன் என்ற உடற்கூற்று நிபுணர் மனிதச் சிறுநீரகம் உட்படப் பல உறுப்புகளில் அதைக் கண்டு படம் வரைந்து, அது உணரும் உறுப்பாக இருக்கலாம் என்றும் எழுதினார். நூறு ஆண்டுகள் அந்தக் குறிப்பை ஏறக்குறைய ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அசையாத இழையால் பயன் ஏது? அது பரிணாமத்தில் மீந்துபோன வெறும் எச்சம் என்று பாடநூல்கள் எழுதின. பல நூல்கள் எழுதவே இல்லை. எச்சம் என்ற சொல்லை விஞ்ஞானம் பயன்படுத்தும்போதெல்லாம் நாம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பல சமயங்களில் அது ஆராய்ச்சியின் முடிவன்று, ஆராயாமல் விட்டதற்குச் சூட்டிய பெயர்.

அதன்பின் வெள்ளம் போல முடிவுகள் வந்தன. கண்ணின் ஒளியுணர் அணுக்களில் ஒளியைப் பற்றும் புறப்பகுதியானது மாற்றம் அடைந்த ஒரு குற்றிழையே. தினமும் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு கழிந்து புதிதாகிறது. அதற்குரிய புரதம் அனைத்தும் ஒரு குறுகிய குற்றிழைக் கழுத்தின் வழியே போயாக வேண்டும். ஆகவே போக்குவரத்து கெட்டால் பார்வை கெடும். கருவில் இருதயம் இடப்புறம் அமைவதற்கும் குற்றிழைகளே காரணம் என்பதை 1998-இல் டோக்கியோவில் ஹிரோகாவாவின் குழுவினர் கைனசின் இல்லாத சுண்டெலிகளைக் கொண்டு நிரூபித்தார்கள். 2003-இல் நியூயார்க்கில் கேத்ரின் ஆண்டர்சனின் ஆய்வுக்கூடம், கைவிரல்களின் எண்ணிக்கையையும் நரம்புக் குழாயின் அமைப்பையும் நிர்ணயிக்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற இரசாயனச் செய்தி குற்றிழையின் வழியாகவே அணுவுக்குள் செல்கிறது என்று கண்டது. ஓக் ரிட்ஜ் எலிக்கு ஏன் விரல் கூடியது என்பதும் அப்போது விளங்கிற்று. பார்வைக் குறை, உடற்பருமன், மிகை விரல், சிறுநீரகக் கோளாறு ஆகிய ஒன்றுக்கொன்று உறவில்லாத அடையாளங்கள் ஒரே குழந்தையிடம் கூடிவரும் பார்டெட்-பீடில் நோயும் இந்த அவயவத்தின் பழுதே என்பது தெளிவாகி, நோய்களின் ஒரு குடும்பமே மருத்துவ நூல்களில் புதிதாக உருவாயிற்று.

சிறுநீரக நீர்க்கட்டி நோயைப் பொறுத்தவரை, ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனிதர்களில் பரவலாகக் காணப்படும் வகைக்குக் காரணமான இரு மரபணுக்களின் புரதங்களும் குற்றிழையில்தான் அமர்கின்றன. இழை இல்லாவிட்டால் கட்டிகள் தோன்றும். அப்புரதங்கள் இல்லாவிட்டாலும் கட்டிகள் தோன்றும். அப்படியானால் இரண்டும் இல்லாவிட்டால் நோய் இன்னும் உக்கிரமாக வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். யேலிலேயே ஸ்டெஃபன் சோம்லோவின் குழுவினர் 2013-இல் சுண்டெலிகளில் செய்து பார்த்தபோது நடந்தது நேர்மாறு: புரதத்தோடு இழையையும் நீக்கிய சிறுநீரகங்களில் கட்டிகளின் வளர்ச்சி தணிந்தது. குற்றிழை ஏதோ ஒரு வளர்ச்சித் தூண்டுதலை அனுப்புகிறது, அப்புரதங்கள் அதை அடக்கி வைக்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அந்தத் தூண்டுதல் எது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஓடும் நீரின் விசையை இழை அளந்து சொல்கிறது என்ற கவர்ச்சியான கருத்தும் முன்போல ஏகமனதாக ஏற்கப்படுவதில்லை.

பாசியிடம் திரும்பினால், 1969-இன் பழைய புதிர் மிச்சமிருக்கிறது: தன் கசையின் நீளம் உயிரணுவுக்கு எப்படித் தெரிகிறது? 2001-இல் வாலஸ் மார்ஷலும் ரோசன்பாமும் ஒரு சித்தாந்தத்தை முன்வைத்தார்கள். கசையின் நுனி எப்பொழுதும் ஒரே கதியில் தேய்ந்துகொண்டிருக்கிறது. வண்டிகள் கொண்டுவந்து சேர்க்கும் பொருளோ கசை நீள நீளக் குறைகிறது. சேர்வதும் தேய்வதும் சமமாகும் இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அளப்பதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கணக்கு அழகானது. ஆனால் குட்டைக் கசைக்குள் நுழையும் வண்டிகள் நீளமாகவும், நெட்டைக் கசைக்குள் நுழைபவை சிறியனவாகவும் இருப்பது பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கார்ல் லெக்ட்ரெக்கின் குழுவினரோ, வளரும் கசைக்குப் போகும் வண்டிகள் குழல்களுக்குரிய டியூபுலின் என்னும் புரதத்தை நிறையச் சுமந்து செல்வதையும், முழு வளர்ச்சி பெற்ற கசைக்குப் போகிறவை பெரும்பாலும் அந்தச் சரக்கு இல்லாமலே ஓடுவதையும் கண்டார்கள். ஆகவே அளவு பார்த்து ஏற்றிவிடுகிற ஏற்பாடு ஏதோ அடியில் இருக்கத்தான் செய்கிறது.

கல்லூரிகளில் உயிரியல் போதிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வண்டிகள் ஓடுவதைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டும்; கசைகள் வளர்வதைக் காண வேண்டாம். கிளாமிடோமோனாஸ் வளர்ப்பு நீரில் சொட்டுச் சொட்டாக நீர்த்த அசிட்டிக் அமிலத்தை விட்டு அமில அளவை பிஹெச் 4.5-க்குக் கொண்டுவந்து, ஒரு நிமிஷத்துக்குள் காரக் கரைசலால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு துளி எடுத்து அயோடின் கலந்து, நாற்பது மடங்கு வில்லையில் மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். ஆரம்பத்தில் விரைவாகவும் வரவர மெதுவாகவும் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும் கோடு ஒன்று அவர்களுடைய குறிப்பேட்டில் விழும். அந்தக் கோடு ஏன் அங்கே நிற்கிறது என்று அவர்கள் கேட்டால், அதற்கு முழு விடை இன்னும் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.